பருவத்தில் பெட்டைக் குதிரை, பக்கத்தில் காயடித்த குதிரை: ஒரே தோப்பில் வைத்துச் சமாளிப்பது எப்படி

காயடித்த குதிரைதானே, பெட்டைக் குதிரையோடு ஒரே கொட்டிலில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். எங்கள் செண்பகராமன்புதூர் பக்கம் மாடு வளர்த்துப் பழகிய அண்ணாச்சிமார் இன்னும் ஒரு படி மேலே. "காயடிச்சாச்சுல்லா மக்ளே, பொறவு என்னத்துக்கு இந்தப் பயம்?" என்று என்னிடமே கேட்பார்கள். பயம் இல்லை, ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான். காயடித்ததால் கிடைக்கிற உறுதி குட்டி உண்டாகாது என்பது மட்டும். கனைப்பு, உதை, கயிறு அறுப்பு, வேலி முறிப்பு எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

என்னிடம் இருப்பவை இரண்டு. பவளம் செவலை நிறம். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற கத்தியவாரி இனச் சாயல். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கியது. துரை, பந்தயத்தை முடித்துக்கொண்டு வந்த தொரோபிரெட் இனக் குதிரை, காயடித்தவன். இரண்டும் கல்யாண ஊர்வலத்துக்கும் சொத்தவிளை கடற்கரைச் சவாரிக்கும் போகும். தென்னந்தோப்புக்குள்தான் லாயம்.

பருவ நாட்களில், அதாவது பெட்டை இணை தேடுகிற நாட்களில், ஏதாவது ரகளை நடந்தால் எல்லோரும் பெட்டையைத்தான் குறை சொல்வார்கள். "திமிரு பிடிச்ச குதிரை" என்று பெயரும் வைத்துவிடுவார்கள். நான் முதலில் திரும்பிப் பார்ப்பது துரையை. பெட்டை காட்டுகிற ரகளையில் பாதி அவன் பக்கத்தில் நிற்பதால்தான். அவனைக் கண்மறைவாக நிறுத்திவிட்டால், அதே நாளில் அதே பெட்டை ஒன்றும் நடக்காததுபோல் புல் மேயும். இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் நோட்டுப்புத்தகமும் வேலியும் கயிறும்தான்.

மாட்டுக் கணக்கு ஒத்துவராது

பசுவும் குதிரையும் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகின்றன. அங்கேயே ஒற்றுமை முடிந்தது. பசு பருவத்தில் நிற்பது ஒரு நாள்கூட முழுசாக இல்லை. சராசரியாக 18 மணி நேரம். குதிரை 5 முதல் 7 நாள் வரை நிற்கும். கருமுட்டை வெளியாவது கடைசி ஒன்றிரண்டு நாளில். அது முடிந்ததும் ஓரிரு நாளில் பருவம் சட்டென்று அடங்கிவிடும். அப்புறம் இரண்டு வாரம் அமைதி. ஆகவே "இன்னைக்கு ஒரு நாள் தள்ளிக் கட்டினா போதும், நாளைக்குச் சரியாயிரும்" என்று மாட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு ஏற்பாடு செய்தால், மூன்றாம் நாள் அகப்பட்டுக்கொள்வோம். ஒரு வாரத்துக்கான ஏற்பாடாகவே செய்யுங்கள்.

வடக்கே எழுதப்பட்ட குதிரைப் புத்தகங்களில், குளிர்காலத்தில் பெட்டை மாதக்கணக்கில் ஓய்வில் இருக்கும் என்று போட்டிருக்கும். அது பகல் நீளத்தைப் பொறுத்தது. பகல் நீண்டால் குதிரையின் உடம்பு விழித்துக்கொள்ளும், குறுகினால் அடங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரியில். ஜூன் மாத நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். அதனால் மார்கழி வந்தால் ஓய்வு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில பெட்டைகள் வருடம் முழுக்கச் சுற்றும். சில இடையில் நிறுத்தும். உடம்பு மெலிந்து, தீனி குறைந்து கிடந்தாலும் நின்றுபோகும். உங்கள் குதிரை எப்படி என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

என் நோட்டு சாதாரண நாற்பது பக்க நோட்டு. தீனி வாளிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். தேதி, அன்று காலை பவளம் எப்படி இருந்தாள், துரை எப்படி இருந்தான், தீனி மிச்சம் வைத்தாளா, இவ்வளவுதான் எழுதுவேன். நாலைந்து சுற்று எழுதிவிட்டால் அடுத்தது எந்த வாரம் என்று கணித்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கும்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்தக் குதிரை வரும் என்று சொல்கிறேன்.

என்ன அடையாளம்

பருவத்தில் இல்லாத பெட்டையின் பக்கத்தில் துரை மூக்கை நீட்டினால், காது பின்னால் படிந்துவிடும். ஒரு கீச்சுக் கத்தல், முன்னங்காலால் தரையில் ஓர் அடி, அல்லது சரேலென்று திரும்பி ஓர் உதை. வாலை இறுக்கி அழுத்திக்கொள்ளும். "போடா" என்று அர்த்தம்.

பருவம் வந்தபின் இதே பெட்டை நடந்துகொள்வது வேறு மாதிரி. முதல் நாள் இரண்டும் கலந்திருக்கும். கத்தவும் செய்யும், போகவும் மாட்டாது. இரண்டாம் நாளிலிருந்து தெளிவாகத் தெரியும். பின்பக்கத்தை அவன் நிற்கிற தடுப்பை நோக்கித் திருப்பி, பின்னங்கால்களை அகட்டி, லேசாகக் குந்தி நிற்கும். வால் தூக்கி ஒரு பக்கமாகச் சாயும். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு மூத்திரம் பீய்ச்சும். கூடவே பிறப்புறுப்பின் கீழ்நுனி திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை. மறுநாள் காலையில் பின்தொடையின் உள்பக்கம் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடு இருக்கும், அதில் ஈ மொய்க்கும். தடுப்புச் சுவரின் அடியில் மணல் திட்டாக நனைந்திருக்கும். தீனியைப் பாதி தின்றுவிட்டு வாசலைப் பார்த்து நிற்கும். தோப்புக்கு வெளியே வேறொரு குதிரை வண்டி போனால் அந்தத் திசையில் கனைத்துக்கொண்டே இருக்கும்.

துரையின் பக்கம் பார்த்தால், அந்த நனைந்த மணலை மோந்து, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிப் பல் தெரியக் காற்றை உறிஞ்சுவான். வாசனையைப் படிக்கிறான். அதற்கு அப்புறம் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. உறிஞ்சிவிட்டுப் புல்லுக்குத் திரும்பினால் நல்ல பையன். கழுத்தை வளைத்து, வாலைத் தூக்கி, தடுப்புக்கு முன்னால் மேலும் கீழும் நடைபோட ஆரம்பித்தால் அன்றைக்கே அவனை இடம் மாற்றுங்கள்.

காயடித்தவனைப் பற்றிக் கொஞ்சம்

குட்டியிலேயே காயடித்திருந்தாலும் சரி, வளர்ந்த பிறகு காயடித்திருந்தாலும் சரி, ஏறக்குறைய நான்கில் ஒரு குதிரைக்கு ஆண்குணம் கொஞ்சம் மிஞ்சி நிற்கலாம். பெட்டையை ஓரங்கட்டி ஓட்டும், மற்ற குதிரைகளை அண்டவிடாது, சில மேலே ஏறவும் செய்யும். இது பழகிய குணம். ஹார்மோன் மிச்சமிருப்பதால்தான் என்று இல்லை. "விதையைக் கொஞ்சம் விட்டு அறுத்துட்டான்" என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. விதைக்கு மேலே ஒட்டியிருக்கும் குழாய்ப் பகுதியைக் கொஞ்சம் விட்டுவிட்டதால் ஆண்குணம் வருகிறது என்பார்கள். அந்தப் பகுதி ஆண் ஹார்மோனைச் சுரப்பதே இல்லை, அதனால் அந்தப் பேச்சில் பொருளில்லை.

நிஜமாகவே கவலைப்பட வேண்டியது வேறு. சில ஆண்குதிரைகளுக்கு ஒரு விதை பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு "காயடிச்சது" என்று விற்றுவிடுவார்கள். பார்த்தால் தெரியாது. குணமெல்லாம் ஆண்குதிரையின் குணமாகவே இருக்கும். சந்தையில் வாங்கிய குதிரை பெட்டையைப் பார்த்ததும் இந்த மாதிரி மாறினால், கால்நடை மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஒரு ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு பார்ப்பது ஒரு வழி, ஏ.எம்.எச். என்ற ஹார்மோனைப் பார்ப்பது இன்னொரு வழி. உள்ளே விதை இருந்தால் அறுவை சிகிச்சைதான். பழக்கி மாற்றிவிடலாம் என்பது நடக்காது.

புதிதாகக் காயடித்த குதிரையை உடனே பெட்டையோடு விடாதீர்கள். குழாய்களில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் விந்து கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள்.

இடத்தைப் பிரிப்பது

இதில்தான் நான் அதிகம் செலவு செய்தேன், அதிகம் பலன் கண்டதும் இதில்தான்.

லாயத்தில் இரண்டு குதிரைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு கீழிருந்து நெஞ்சு உயரம் வரை இடைவெளி இல்லாமல் மூடியதாக இருக்க வேண்டும். மேலே கம்பி வைத்துக்கொள்ளலாம். ஒன்றையொன்று பார்த்தால் சாதாரண நாளில் இரண்டும் நிம்மதியாக இருக்கும். ஆனால் குறுக்குக் கட்டைகளாக விட்டால், பெட்டை பின்னால் வந்து உதைக்கும்போது கால் இடையில் மாட்டிக்கொள்ளும். என் தடுப்பு ஹாலோபிளாக் சுவர். உள்பக்கம் பலகை அடித்திருக்கிறேன். உதை பலகையில் விழட்டும், குளம்பு கல்லில் விழக்கூடாது. பனந்தடி இங்கே எளிதாகக் கிடைக்கும், பலமும் உண்டு. ஆனால் அதன் சிலாம்பு குதிரைத் தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. இழைக்காமல் போடாதீர்கள்.

பருவ நாட்களுக்கென்று மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். பெரிய லாயம் வேண்டாம், தோப்பின் மறுகோடியில் ஓலைக்கூரை போட்ட ஒரு நிழல் போதும். அங்கே நான் அனுப்புவது துரையை, பவளத்தை அல்ல. பெட்டையைப் புது இடத்தில் தனியாகக் கட்டினால் படபடப்பு கூடும், தீனி இன்னும் குறையும். அவனோ அங்கே போய் அரை நாளில் மறந்துவிடுவான். தனிமை பிடிக்காத குதிரையென்றால் கூட ஒரு வெள்ளாட்டைக் கட்டுங்கள்.

எந்தத் திசைக் கோடி என்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காற்றாலைகள் அத்தனையும் அதை நம்பித்தான் நிற்கின்றன. பெட்டை மேற்கேயும் துரை கிழக்கேயும் நின்றால், வாசனை நாள் முழுக்க அவன் மூக்குக்கே போகும். அதனால் அவனுடைய நிழல் மேற்குக் கோடியில். இதை மாற்றிப் போட்டுவிட்டு "எவ்வளவு தூரம் கட்டியும் அடங்கமாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

மேய்ச்சலுக்கு விடும் இரண்டு வளாகங்களுக்கு ஒரே வேலி போதாது. நடுவே பத்தடி பாதை விட்டு இரட்டை வேலி போடுங்கள். வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி மோப்பம் பிடிப்பது, அதன்பின் ஒரு கத்தல், ஓர் உதை, வேலிக்குள் கால், இதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. முள்கம்பி வேண்டவே வேண்டாம். அதில் சிக்கிய குதிரை நிற்காது, இழுக்கும். எலும்பு தெரியும் வரை கிழியும். நம்மூரில் கிடைக்கும் கருங்கல் தூண் நட்டு, அகலமான வெள்ளைப் பட்டையில் சோலார் வேலி போடலாம். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் போடுகிற அதே கருவிதான். அதற்கென்று செய்த கருவியின் வழியாக மட்டுமே மின்சாரம் போக வேண்டும். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் விடுவது குற்றம், குதிரையும் சாகும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சாகும்.

வேலி ஓரத்தில் பச்சையாக ஏதாவது நடலாம் என்று தோன்றினால், தோவாளைப் பூச்சந்தையை நம்பி நம் பக்கத்தில் நடுகிற அரளியை மட்டும் நடாதீர்கள். கைப்பிடி இலையே ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். காய்ந்த இலையிலும் விஷம் அப்படியே இருக்கும். பருவ நாளில் அலுத்துப்போய் வேலியோரம் நிற்கிற குதிரை எதையும் கடித்துப் பார்க்கும்.

கையில் பிடிக்கும்போது

ஒருவர் இரண்டு குதிரையையும் சேர்த்துப் பிடித்து நடத்துவது மற்ற நாளில் நடக்கும். பருவ நாளில் ஆளுக்கு ஒன்று. இரண்டு குதிரைக்கும் நடுவில் எந்த மனிதனும் நிற்கக்கூடாது. உதை குதிரைக்குக் குறிவைத்தது, விழுவது நடுவில் இருப்பவர் மேல். தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், முன்னால் நிற்காதீர்கள். கீச்சென்று கத்தியதும் முன்னங்கால் வீசும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடியுங்கள். என்னிடம் வேலை பார்க்கும் தம்பி மாட்டைப் பிடித்துப் பழகியவன், கையில் சுற்றித்தான் பிடிப்பான். அதை விடச் செய்வதற்கே நாளாயிற்று.

வரிசை எளிது. துரையை முதலில் வெளியே கொண்டுபோய்க் கண்மறைவில் கட்டு, அதன்பின் பவளத்தை அவிழ். திரும்பும்போது பவளம் முதலில் உள்ளே. தீனி வாளி காட்டும் நேரத்தில் இரண்டையும் ஒரே முற்றத்தில் நிறுத்தக் கூடாது.

துரை கழுத்தை வளைத்து நடைபோட ஆரம்பித்தால் அடிக்காதீர்கள். அடித்தால் சூடு ஏறும், அடங்காது. அவனுக்கு உடனே ஒரு வேலை கொடுங்கள்: நாலடி பின்னால் போ, பின்பக்கத்தைத் தள்ளு, வட்டமாக நட, தலையைத் தாழ்த்து. காது உங்கள் பக்கம் திரும்பும் வரை விடாதீர்கள். இதையெல்லாம் அமைதி நாட்களில் பழக்கி வைத்திருந்தால்தான் அந்த வாரத்தில் கைகொடுக்கும். மூக்கில் கொஞ்சம் விக்ஸ் தடவுவது குதிரைக்காரர்களின் பழைய வித்தை. வாசனையை ஓரளவு மறைக்கும். கண்ணும் காதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

பவளத்துக்கு அந்த வாரம் தொடையையும் வாலடியையும் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, தொடைத்தோலில் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். மூத்திரம் பட்டுத் தோல் பொரிந்துபோகாது. டெட்டால் கலக்காதீர்கள், எரியும். கொள்ளுத் தீனியைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவேன். வேலை குறைகிற வாரத்தில் கொள்ளு வயிற்றுக்குள் போனால் காலில்தான் வெளியே வரும்.

துரை ஏறிவிட்டால் என்ன செய்வது? ஓடிப்போய் இடையில் புகாதீர்கள். தூரத்திலிருந்து சத்தம் போட்டு, வாளியைத் தட்டி, அவன் இறங்கியதும் பிரியுங்கள். சினை பிடிக்காது. ஆனால் உள்ளே நுழைந்திருந்தால் பெட்டைக்குக் கருப்பையில் தொற்று வரலாம். அடுத்த நாட்களில் சீழ் மாதிரி வடிகிறதா என்று பாருங்கள். அவனுக்கு ஆணுறுப்பில் உதை விழுந்து வீங்கியிருந்தால் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தொங்கவிடாமல் துணியால் தாங்கிக் கட்டி, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உள்ளே இழுக்க முடியாமலே போய்விடும். ஒரே வளாகத்தில் விடுகிற குதிரைகளுக்குப் பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடுவது நல்லது. வெறுங்குளம்பு உதைக்கும் இரும்பு உதைக்கும் நிறைய வித்தியாசம்.

சவாரியும் ஊர்வலமும்

பருவத்தில் இருக்கிற பெட்டை வேலைக்கு லாயக்கில்லை என்பது சரியல்ல. தனியாகப் போனால் பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்யும். கொஞ்சம் கவனம் சிதறும், விலாவில் கால் பட்டால் கூச்சப்படும், வாலை ஆட்டும். சேணத்தின் வயிற்றுப் பட்டையைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முதல் கால் மணி நேரம் நடை மட்டும்.

இரண்டும் சேர்ந்து கடற்கரைக்குப் போக வேண்டியிருந்தால் பெட்டை பின்னால், துரை முன்னால். பெட்டைக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது. நடுவே இரண்டு குதிரை நீளமாவது விடுங்கள். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது உதைக்கும் குதிரை என்பதற்கு அடையாளம். நம்மூரில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர் குறைவு, அழகுக்கு என்று நினைத்துப் பிள்ளைகள் தொட வருவார்கள். அதனால் ரிப்பனோடு ஒரு ஆளும் வேண்டும். சொத்தவிளையில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டத்துக்குள் அந்த வாரம் பவளத்தைக் கொண்டுபோவதே இல்லை. விடியற்காலையில் மணல் காலியாக இருக்கும்போது போவோம்.

இரட்டைக் குதிரை சாரட் என்றால் பருவ வாரத்தில் இந்த ஜோடியைப் பூட்டவே கூடாது. ஏர்க்காலுக்கு இரு பக்கமும் ஒட்டி நிற்கிற இரண்டு குதிரைக்கும் விலக இடமில்லை. பின்னால் செண்டை மேளம், பட்டாசு, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட்டம். கல்யாண வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒற்றைக் குதிரை மட்டும்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பணம் திரும்பப் போனாலும் பரவாயில்லை.

மருந்து

ஆல்ட்ரினோஜெஸ்ட் என்ற வாய்மருந்து பருவத்தை அடக்கும். தினமும் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் பலன் தெரியும், நிறுத்தினால் பருவம் திரும்பும். கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுங்கள். அது மனிதத் தோல் வழியாக உள்ளே போகும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அந்தப் பாட்டிலையே தொடக்கூடாது, மற்றவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மெடிக்கலில் கிடைக்கிற மனித ஹார்மோன் ஊசிகளைக் குதிரைக்குப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பல குதிரையின் உடம்பில் வேலையே செய்யாது, காசுதான் போகும். புரோஸ்டாகிளாண்டின் ஊசி பருவத்தை நிறுத்தாது, சில நாளில் முன்னதாகக் கொண்டுவந்துவிடும். தேதியை நகர்த்த மருத்துவர் பயன்படுத்தலாம், சினையாக இருந்தால் கலைந்துவிடும். கருப்பைக்குள் கண்ணாடிக் கோலி வைப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. உடைந்தும் தங்கியும் தொல்லை கொடுப்பதால் இப்போது மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள்.

சந்தையிலிருந்து புதிதாக வந்த பெட்டையென்றால் எந்த மருந்துக்கும் முன்னால் சினை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சினையாக இருக்கும் குதிரையும் சில சமயம் பருவம் மாதிரியே காட்டும். குட்டி போட்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாளிலேயே மறுபருவம் வந்துவிடும். அப்போது குட்டியும் காலடியில் நிற்கும், துரை மாதிரி ஒருவன் அண்டவே கூடாது.

பருவமே இல்லையென்றால்

நோட்டு இன்னொரு விதத்தில் உதவும். 21 நாள் கணக்கில் வந்து போனால் அது பருவம். கணக்கே இல்லாமல் தினமும் குந்திக் குந்தி மூத்திரம் பெய்தால் மூத்திரப்பையில் தொற்றோ கல்லோ இருக்கலாம். வயிற்றுப் பட்டை இறுக்கும்போதெல்லாம் கடிக்க வந்தால் இரைப்பைப் புண், முதுகுவலி, சேணம் பொருந்தாதது என்று பாருங்கள். அதிகாரம் பண்ணுகிற குதிரை அருகில் வந்தால் பயத்தில் மூத்திரம் விடுகிற பெட்டையும் உண்டு. அதன் வாலும் முகமும் வேறு கதை சொல்லும். பெட்டை மற்ற பெட்டைகள் மேல் ஏறுகிறது, ஆண்குதிரைபோல் கழுத்து தடிக்கிறது, அல்லது மாதக்கணக்கில் பருவம் ஓயவே இல்லை என்றால் சினைப்பையில் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் பரவாத கட்டிதான், அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். ஆனால் ஆசனவாய் வழியாக ஸ்கேன் செய்து, ரத்தமும் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

அதற்கு முதலில் உங்கள் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். அவர்கள் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். நாகர்கோவிலிலிருந்து 80 கிலோமீட்டர் அளவுக்கு வரும். போனில் கேட்டுவிட்டு, எந்த நாளில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது கடைசிப் பருவம் எந்தத் தேதி என்பதைத்தான். போகிற வழியில் முப்பந்தல் பக்கம் காற்றில் வண்டி ஆடும், அதனால் பின்கதவுக்கு மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். துணைக்கு என்று துரையை அதே வண்டியில் ஏற்றாதீர்கள். தோப்பில் அவன் இரண்டு மணி நேரம் கனைத்துவிட்டு அடங்கிவிடுவான்.